வாயில்லாச் சீவனின் வாக்குமூலம்

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று திருவள்ளுவர் வகுத்துரைத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் ஒருங்கே அமைய வேண்டும் என்பது ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில் அவர் காட்டும் முடிபு. மனிதரின் நோயில் இந்நான்கும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. ‘இங்கே வலிக்கிறது, நேற்று மாலை தொடங்கியது, உண்டபின் மிகுகிறது’ என்று நோயாளியே தம் வாயால் சொல்லிவிடுகிறார். கால்நடைகளின் நோயிலோ முதலாவது கூறு பேசுவதில்லை. அதற்காகப் பேச வேண்டிய கடமை நான்காவது கூறாகிய நம்மிடம் வந்து சேர்கிறது. நாம் எதைக் கொண்டு பேசுவது? அச்சீவன் நிற்பது, படுப்பது, தின்பது, அசைபோடுவது, ஒருவரை நெருங்க விடுவது, மற்றொருவரை விலக்குவது ஆகிய நடத்தையைக் கொண்டே பேச இயலும்.

நம் சங்கங்களின் அங்கத்தினரில் பலர் தறியோடு ஒரு கறவை மாட்டையும், வயலோடு இரண்டு ஆடுகளையும் வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள். பாவு கிடைக்காத மாதத்திலும், மழை பொய்த்த பருவத்திலும் அடுப்பெரியச் செய்வது அந்த மாடுதான். பெரும்பாலும் அது சங்கக் கடனால் வாங்கப்பட்டது. ஆகவே மாட்டின் நோய் ஒரு குடும்பத்தின் வருவாயையும் சங்கத்தின் தவணையையும் ஒருசேரத் தாக்குவதாகும். கடன் பேரேடுகளை ஆய்வு செய்வது என் தொழில். நான் மருத்துவன் அல்லேன். ஆயினும் என் கண்முன் நிகழ்ந்த இரண்டு சம்பவங்கள் இக்கட்டுரையை எழுதத் தூண்டின. ஒன்றில் மாடு பிழைத்தது. மற்றொன்றில் பிழைக்கவில்லை.

உதைக்கும் மாடு

நெசவாளர்கள் மிகுந்த ஒரு கிராமத்தில் சங்க நிர்வாகக் குழு கூடியிருந்தது. கணவரை இழந்த ஓர் அம்மையார், தாம் கடனில் வாங்கிய கலப்பினப் பசுவை விற்றுவிட அனுமதி வேண்டி விண்ணப்பம் கொடுத்திருந்தார். மூன்று வாரமாகக் கறக்க உட்கார்ந்தால் மாடு உதைக்கிறது என்றும், இருமுறை பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டது என்றும், பின்னங்கால்களைப் பிணைத்துக் கறந்தும் பயனில்லை என்றும் அவர் கூறினார். குழுவினரில் ஒருவர், மாட்டின் சுழி சரியில்லை என்றார். மற்றொருவர், கடனைத் தட்டிக் கழிக்க இஃது ஓர் உபாயம் என்று ஐயுற்றார். ‘தீய குணமுள்ள மாடு, விற்க அனுமதிக்கலாம், விற்ற தொகையைக் கடனில் வரவு வைக்க வேண்டியது’ என்று நடவடிக்கைப் புத்தகத்தில் தீர்மானம் எழுதப்பட்டது. அதில் குற்றம் காண எனக்கும் அன்று தோன்றவில்லை. உதைக்கும் மாடு என்று பெயரெடுத்துவிட்டால் சந்தையில் அஃது அடிமாட்டு விலைக்கே போகும். எஞ்சிய கடன் அந்த அம்மையாரின் தலையில் நிற்கும்.

நல்வினைப் பயனாக, கோமாரித் தடுப்பூசி முகாமின் பொருட்டு அன்று கால்நடை மருத்துவர் ஒருவர் அவ்வூருக்கு வந்திருந்தார். செய்தியைக் கேட்ட அவர் அந்த வீட்டுக்குச் சென்றார். சென்றவுடன் மாட்டைத் தொடவில்லை. திண்ணையில் அமர்ந்து பத்து நிமிடம் அதனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அம்மையாரை நோக்கி, “எந்நேரமும் உதைக்கிறதா அம்மா, கறக்கும்போது மட்டுமா?” என்று வினவினார்.

“கறக்கும்போது மட்டும்தான் ஐயா. மற்ற வேளையில் என் கையை நக்கிக்கொண்டு நிற்கும்.”

“கன்று ஊட்டும்போது?”

“கன்றை விடும். ஆனால் ஒரு காம்புக்கு அது வாயைக் கொண்டுபோனால் மட்டும் நகர்ந்துகொள்ளும்.”

“எந்தக் காம்பு?”

அம்மையார் சிறிது எண்ணிப் பார்த்து, “வலப்பக்கத்துப் பின்காம்பு” என்றார். அந்த விடையைச் சொல்லும்போதே அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். மூன்று வாரமாக அவர் அறிந்திருந்த செய்திதான் அது. அதனை நோயின் அறிகுறி என்று அறியாதிருந்தார்; எவரும் அவரை அதைக் கேட்கவும் இல்லை.

மருத்துவர் கறுப்புத் துணியொன்று வேண்டும் என்றார். தறி வீட்டில் துணிக்குப் பஞ்சமா? பாத்திரத்தின் வாயில் அதனைக் கட்டி, அந்தக் காம்பிலிருந்து இரண்டு பீச்சு கறந்தார். துணியின்மேல் வெண்மையான திரிகள் தங்கின. மடிநோய்! வீக்கம் வெளியில் தெரியாத நிலையில் உள்ளே புண்பட்டிருந்தது. காம்பினுள் மருந்து செலுத்தப்பட்டது. மருத்துவர் குறித்த நாள்வரை அந்த மாட்டின் பாலைச் சங்கத்துக்கு ஊற்றலாகாது என்று கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. விற்பனைத் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் இரத்துச் செய்யப்பட்டது.

இங்கு மற்றொரு செய்தியும் உண்டு. பால் தெளிந்த பின்னரும் பத்து நாள் வரையில் அந்த மாடு கறப்பவரைக் கண்டால் காலைத் தூக்கியது. மருந்து பலிக்கவில்லையோ என்று அம்மையார் அஞ்சினார். “நோய் போய்விட்டது அம்மா, வலித்த நினைவு இன்னும் போகவில்லை. பிணைகயிற்றை எடுத்துவிடுங்கள். நீங்களே, அதே நேரத்தில், அதே இடத்தில் கறந்து வாருங்கள். மற்ற மூன்று காம்புகளை முதலில் கறந்து, இதனைக் கடைசியில் தொடுங்கள்” என்றார் மருத்துவர். அவ்வாறே செய்ததில் மாடு தன் பழைய சாதுத் தன்மையை அடைந்தது.

‘தீய குணம்’ என்பது நோயின் பெயரன்று. சாதுவாக இருந்த மாடு திடீரென்று முரண்டு பிடிக்குமானால், குணத்தைப் பழிக்கும் முன்னர் உடலைச் சோதித்தல் வேண்டும்.

சுகமாய் உள்ள மாட்டின் இயல்பு

நோயின் நடத்தையை அறிய வேண்டுமானால் முதலில் சுகத்தின் நடத்தையை அறிந்திருக்க வேண்டும். நலமாயுள்ள பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 அல்லது 8 மணி நேரம் அசைபோடுகிறது. மேலே வந்த ஒவ்வொரு கவளத்தையும் 40 முதல் 70 முறை மென்று விழுங்குகிறது. பகலும் இரவுமாகச் சேர்த்து 10 முதல் 12 மணி நேரம் படுத்திருக்க விரும்புகிறது. எழும்போது பின்பாகத்தை முதலில் தூக்கி, எழுந்தபின் முதுகை நெளித்துச் சோம்பல் முறிக்கிறது. மூக்கு ஈரமாக இருக்கும். காதுகள் ஓசை வரும் திசைக்குத் திரும்பும். இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் முட்டியை அழுத்தி வைத்துப் பார்த்தால், இரண்டு நிமிடத்தில் 2 அல்லது 3 முறை வயிறு அலைபோல எழுந்து கையைத் தள்ளுவதை உணரலாம். உடல் வெப்பம் 101.5 பாகை பாரன்ஹீட்டை ஒட்டியிருக்கும்.

இவை பொதுவான அளவுகள். இவற்றினும் முக்கியமானது அவரவர் மாட்டின் தனி வழக்கம். ஒரு மாடு தீவனத் தொட்டிக்கு முதலில் ஓடிவரும். மற்றொன்று நிதானமாக வரும். ஒன்று வலப்பக்கம் சாய்ந்தே படுக்கும். ஓடிவரும் மாடு ஒருநாள் நிதானமாக வந்தால் அது செய்தி. எப்போதும் நிதானமாக வரும் மாடு அவ்வாறே வந்தால் அது செய்தியன்று. இந்த வேறுபாட்டை எந்த மருத்துவரும் ஒருமுறை பார்த்து அறிய இயலாது. அன்றாடம் புல் போடும் கைக்கே அது தெரியும்.

வலியை மறைக்கும் வழக்கம்

மாடும் ஆடும் காட்டில் வேட்டை விலங்குகளுக்கு இரையாகி வந்த குலத்தைச் சேர்ந்தவை. மந்தையில் நொண்டும் விலங்கைத்தான் புலி முதலில் குறிவைக்கும். ஆகவே வலியை வெளிக்காட்டாமல் நிற்பது அவற்றின் குலவழக்கமாய்ப் போயிற்று. நாய் போல் ஊளையிடவோ, மனிதனைப் போல் முனகவோ மாடு எளிதில் முற்படாது. ‘கத்தவில்லையே, ஆகவே வலியில்லை’ என்று நாம் எண்ணுவது பெரும் பிழை.

ஆயினும் நோக்கத் தெரிந்த கண்ணுக்குக் குறிப்புகள் உண்டு. வலியுற்ற பசுவின் காதுகள் பின்னோக்கியோ கீழ்நோக்கியோ தாழ்கின்றன. கண்ணின்மேல் தசை இறுகுகிறது. மூக்குத் துளைகள் விரிகின்றன. தலை முதுகுக்குக் கீழே தொங்குகிறது. முதுகு வில்போல் வளைகிறது. டென்மார்க்கு நாட்டின் கோபன்கேகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2015-ஆம் ஆண்டில் இத்தகைய குறிகளைத் தொகுத்து, மதிப்பெண் இட்டு வலியை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். ஆடுகளில் பல்லை நறநறவென்று கடிப்பது வலியின் அடையாளமாகும்.

நோயுற்ற விலங்கு தீவனத்தை ஒதுக்கி, ஒதுங்கிப் படுத்துக்கொள்வதை வெறும் சோர்வு என்று நெடுங்காலம் கருதினர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட் என்னும் கால்நடை அறிஞர் 1988-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு வேறு விளக்கம் தந்தார். காய்ச்சலை மூட்டிக் கிருமியோடு போரிட உடலுக்கு மிகுந்த சக்தி வேண்டும். அந்தச் சக்தியைச் சேமிக்கவே விலங்கு அசையாது கிடக்கிறது என்பது அவர் கொள்கை. இதனால் நமக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒதுங்கிப் படுத்த மாட்டை அடித்து எழுப்பி நடக்கவைப்பது கேடு. தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கிற் குழாயால் கஷாயத்தையும் எண்ணெயையும் பலவந்தமாய்ப் புகட்டுவது அதனினும் கேடு. வாயில் ஊற்றியது மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் அழன்று, முதல் நோயால் சாகாத மாடு நம் மருந்தால் செத்துப்போகும்.

அச்சம் மறைக்கும் உண்மை

மருத்துவர் வந்தவுடன் நாம் செய்வது யாது? நான்கு பேர் கூடிக் கூச்சலிட்டு, வாலை முறுக்கி, மூக்கணாங்கயிற்றை இழுத்து மாட்டை நிறுத்துகிறோம். அந்நிலையில் அதன் நாடி விரைகிறது; மூச்சு இரைக்கிறது; உடல் வெப்பம் ஏறுகிறது; இரத்தத்தில் சர்க்கரையும் வெள்ளணுக்களின் கணக்கும் மாறுகின்றன. நோயைக் காட்ட வேண்டிய கருவிகளெல்லாம் அப்போது அச்சத்தையே காட்டுகின்றன. அன்றியும், அஞ்சிய விலங்கு வலியை மேலும் மறைக்கும். தெருவெல்லாம் நொண்டி வந்த மாடு மருந்தக வாயிலில் நேராக நிற்பதைப் பலர் கண்டிருக்கலாம்.

மாட்டை அமைதியாகக் கையாள அதன் புலன்களை அறிதல் உதவும். கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் மாடு தன்னைச் சுற்றிலும் ஏறத்தாழ 330 பாகை அளவுக்குப் பார்க்கிறது. நேர்பின்புறம் மட்டும் அதற்குக் குருடு. ஆகவே பின்னிருந்து ஓசையின்றி வருகிறவரை அது பகைவராகவே கருதி உதைக்கும். தோளுக்கு நேராக, பக்கவாட்டிலிருந்து, மெல்லக் குரல் கொடுத்துக்கொண்டு நெருங்குவதே முறை. ஆழத்தை அளந்தறியும் பார்வை அதற்குக் குறைவு. தரையில் விழும் கரிய நிழலும், திடீரென வரும் நீர்க்கால்வாயும் அதற்குப் பள்ளமாய்த் தோன்றும். நாம் பிடிவாதம் என்று எண்ணுவது பெரும்பாலும் இந்த ஐயமே. மனிதர் செவிக்கு எட்டாத கூர்மையான ஒலிகளும் அதற்குக் கேட்கும்; அதட்டலும் சீழ்க்கையும் அதனை வாட்டும்.

அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின் அம்மையார் மாடுகளின் கண்மட்டத்திலிருந்தே தொழுவங்களையும் நடைவழிகளையும் நோக்கி, அவை எங்கே தயங்குகின்றன, எதனால் தயங்குகின்றன என்று ஆராய்ந்து புகழ்பெற்றவர். தொங்கும் சங்கிலி, ஆடும் துணி, ஒளியிலிருந்து இருளுக்குச் செல்லும் வாயில் போன்ற சிறு பொருள்களே பெரிய முரண்டுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். நம் ஊர் மருந்தகத்தில் மாட்டை நிறுத்தும் கம்பிச் சட்டத்தில் காயப்போட்ட துண்டு ஆடிக்கொண்டிருந்தால், மாட்டை அடிக்கும் முன்னர் அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். மாடு மந்தையில் வாழும் சீவனாதலின், பழகிய துணை மாடொன்று அருகில் நின்றாலும் அமைதி அடையும்.

பாலும் மனமும்

அச்சத்தின் விளைவைப் பால் அளவிலும் காணலாம். கன்று முட்டினாலும், கறப்பவரின் கை மடியை நீவினாலும் அந்த உணர்ச்சி மூளைக்குச் சென்று, ஆக்சிடோசின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பால் இறங்குகிறது. அதன் வேகம் சில நிமிடமே நிற்கும். மாடு வெருண்டால் அட்ரினலின் என்னும் வேறொரு சுரப்பு எழுந்து இதனைத் தடுத்துவிடும்.

அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்னும் இருவர் 1941-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதில் பெயர் பெற்றது. கறவைக்கு முன்னர் பசுவின் முதுகில் ஒரு பூனையை விட்டு, இரண்டு நிமிடம் வரையில் பத்து விநாடிக்கு ஒருமுறை காகிதப் பையை ஊதி வெடித்தார்கள். பால் இறங்கவில்லை. காகிதப் பையே போதும் என்று கண்டு பின்னர்ப் பூனையை விட்டுவிட்டார்கள்! கனடா, டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1999-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தம்மைக் கடுமையாக நடத்தியவர் கறவையின்போது அருகில் நின்றாலே பசுக்களின் மடியில் எஞ்சிய பால் ஏறத்தாழ 70 விழுக்காடு மிகுந்தது. அவர் தொடவும் இல்லை, நின்றார், அவ்வளவே. மாடு முகத்தை மறப்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இவ்வாறு பாலை அடக்கிக்கொண்டால் அன்றைய வருவாய் குறையும். ஆகவே பால் குறைந்தால், ‘வீட்டில் புதிதாக என்ன நேர்ந்தது? கறப்பவர் மாறினாரா? எவரேனும் அடித்தார்களா?’ என்று கேட்பதும் மருத்துவ வினாவே.

பேரேட்டில் கிடந்த பதினொரு நாள்

இனி இரண்டாவது சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு நாணமாக உள்ளது.

மற்றோர் ஊரில் சங்கக் கடனால் வாங்கிய ஒரு பசு நாள்தோறும் 8 லிட்டர் பால் தந்து வந்தது. தவணைத் தொகை பால் பணத்தில் பிடித்தம் செய்யப்பட்டமையால், பால் சங்கத்தின் அளவுப் பதிவேட்டையும் நான் பார்ப்பது வழக்கம். ஒருநாள் அந்தப் பசுவின் பால் 3 லிட்டராக வீழ்ந்தது. எழுத்தர் அந்த எண்ணைப் பிழையின்றி எழுதினார். நான்காம் நாள் நான் அவ்வூருக்குச் சென்றேன். பதிவேட்டின் கூட்டுத் தொகைகளைச் சரிபார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது. கையொப்பமிட்டுத் திரும்பினேன். பதினொன்றாம் நாள் மாடு இறந்தது.

பின்னர் அந்த வீட்டாரிடம் கேட்டபோது அவர்கள் கூறியவை இவை: பால் குறைந்த நாள்முதல் மாடு படுக்கத் தயங்கியது. படுத்தால் எழும்போது முனகியது. முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டிகளைப் புறமாய் விரித்து நின்றது. தொழுவத்தின் உயர்ந்த வாசற்படியில் முன்னங்கால்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்காய் நின்றது. சரிவில் இறங்க மறுத்தது. நாட்கள் சென்றபின் அலைதாடியில் நீர் கோத்து வீங்கிற்று. அவர்கள் திருஷ்டி என்று எண்ணிக் கழிப்புக் கழித்தார்கள். மிளகுக் கஷாயம் கொடுத்தார்கள்.

இறந்தபின் மருத்துவர் சோதனை செய்தார். இரண்டாவது இரைப்பையிலிருந்து ஒரு கம்பித் துண்டு முன்னோக்கிக் குத்தி இருதயத்தின் உறையைத் துளைத்திருந்தது. தறியிலிருந்து கழித்துப்போட்ட கம்பி அது. குப்பையோடு பெருக்கப்பட்டு வைக்கோலில் கலந்து மாட்டின் வாய்க்குச் சென்றிருந்தது.

இது நெசவாளர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய நோய். மாடு நாவால் சுருட்டித் தின்னும் சீவன். தின்னும்போது பொறுக்கி ஒதுக்காது. விழுங்கிய இரும்பு கனத்தால் இரண்டாவது இரைப்பையில் தங்கும். அந்தப் பைக்கும் இருதயத்துக்கும் இடையில் உதரவிதானம் என்னும் மெல்லிய திரையே உள்ளது. வயிறு சுருங்கும்போதும், சினை முதிர்ந்து கருப்பை முன்னே தள்ளும்போதும் கம்பி முன்னேறும். மாடு மேட்டில் முன்னங்கால் வைத்து நின்றதற்குக் காரணம், அவ்வாறு நின்றால் வயிற்றின் பாரம் பின்னுக்குச் சரிந்து குத்தல் தணியும் என்பதே. தன் நோய் இன்ன இடத்தில் உள்ளது என்று அந்த வாயில்லாச் சீவன் வாசற்படியில் நின்று பதினொரு நாள் சொல்லிற்று. முதல் இரண்டு மூன்று நாட்களில் கண்டிருந்தால், மேட்டில் கட்டிவைத்தும், மருந்து கொடுத்தும், காந்தம் விழுங்கச் செய்தும், அறுவை செய்து கம்பியை எடுத்தும் காப்பாற்ற வழியுண்டு. இருதயம் துளைபட்ட பின்னர் வழியில்லை.

வீட்டார் பார்த்தார்கள், பொருள் தெரியவில்லை. எழுத்தர் எண்ணை எழுதினார், வினவவில்லை. நான் கூட்டலைப் பார்த்தேன்; எண்ணைப் பார்க்கவில்லை. மூவரிடமும் மூன்று துண்டாகக் கிடந்த செய்தியை ஒன்று சேர்த்து மருத்துவரிடம் கொண்டுசெல்ல ஒருவரும் இல்லை.

வேறு சில குறிப்புகள்

கன்று ஈன்ற இரண்டு மூன்று நாட்களுக்குள் பசு நடுங்கித் தள்ளாடிப் படுத்து, தலையை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, காதுகள் குளிர்ந்து கிடந்தால் அதனைப் பேறுகாலக் களைப்பு என்று எண்ணிவிடலாகாது. பால் சுரம் என்று பெயர் வழங்கினும் அதில் காய்ச்சல் இல்லை. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து வீழ்ந்ததே காரணம். மருத்துவர் உரிய நேரத்தில் ஊசி மூலம் அச்சத்தைச் செலுத்தினால் பெரும்பாலான மாடுகள் விரைவில் எழுந்து நிற்கும். தாமதித்தால் உயிர் போகும்.

சினைப்பருவமும் நடத்தையாலேயே அறியப்படுவது. சராசரி 21 நாளுக்கு ஒருமுறை வரும் அப்பருவத்தில் பசு கத்தும், நிலைகொள்ளாது, பிற மாடுகள் தன்மேல் ஏற நிற்கும், கண்ணாடி போன்ற கோழை ஒழுகும். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் கருவூட்டல் செய்விப்பது நலம் என்னும் விதி, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் செய்து 1948-இல் வெளியிட்ட ஆராய்ச்சியால் வலுப்பெற்றது. ஒற்றை மாடு வைத்திருப்போர் ஏறுதலைக் காண வழியில்லை. கத்தலையும் கோழையையும் கவனிக்க வேண்டும். எருமையில் குறிகள் மங்கலாதலின் இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனச் செலவு வீணாகும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். மாடு திடீரென்று குரல் கம்மிக் கதறி, எச்சில் ஒழுக, விழுங்க மாட்டாமல் தவித்தால், தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று எண்ணிக் கையை வாய்க்குள் விடுகிறவர்கள் உண்டு. அது வெறிநோயாகவும் இருக்கலாம். அந்நோய் வெளிப்பட்டபின் மாட்டுக்கு மருந்தில்லை. அந்த எச்சிலால் மனிதருக்கும் ஆபத்து. கையை விடாது மருத்துவரை அழையுங்கள். எச்சில் புண்ணிலோ கண்ணிலோ பட்டிருந்தால் உடனே நன்கு கழுவ வேண்டும். புண்ணைச் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரிலும், கண்ணைத் தூய நீரிலும் கழுவி, மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

முதலாவதாக, பால் சங்கத்தின் எழுத்தர், அங்கத்தினர் ஒருவரின் பால் முந்திய நாளைவிடக் கால்பங்குக்கு மேல் குறைந்தால், அந்த இடத்திலேயே மூன்று வினாக்களைக் கேட்கட்டும்: மாடு தின்றதா? அசைபோட்டதா? வழக்கம்போல் படுத்து எழுந்ததா? ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்று விடை வந்தால் அன்றே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. இந்த எண்ணைச் சங்கச் சுவரில் பெரிதாக எழுதிவைக்கலாம்.

இரண்டாவதாக, மாட்டை மருந்தகத்துக்கு ஓட்டிச்செல்பவர் பெரும்பாலும் ஆண்மகன். அன்றாடம் அதற்குத் தண்ணீர் காட்டிச் சாணம் அள்ளுபவர் பெண்மணி. ‘எப்போதிருந்து தின்னவில்லை?’ என்று மருத்துவர் கேட்டால் வந்தவருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர் வீட்டில் இருக்கிறார். பேணுபவரே மருத்துவர்முன் பேச வேண்டும். இயலாவிடில், முதன்முதல் மாறுதலைக் கண்ட நாள், நேரம், கண்ட குறி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதியனுப்பலாம்.

மூன்றாவதாக, தறி வீடுகளில் கழித்த கம்பி, ஊசி, ஆணி இவற்றுக்கு ஒரு தகரப்பெட்டி வைத்தல் வேண்டும். கோலில் ஒரு காந்தத்தைக் கட்டி, வாரம் ஒருமுறை தொழுவத்தையும் வைக்கோல் இடத்தையும் துழாவினால் போதும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

நான்காவதாக, ‘தீய குணம்’ என்னும் காரணத்துக்காகக் கடன் மாட்டை விற்க விண்ணப்பம் வந்தால், கால்நடை மருத்துவர் பார்த்த பின்னரே நிர்வாகக் குழு முடிவு செய்வது என்று தீர்மானித்துக்கொள்ளலாம். அந்த அம்மையாரின் மாடு தப்பியது தற்செயலே. ஒவ்வொரு முறையும் முகாம் நாளும் கூட்ட நாளும் ஒன்றாய் அமையும் என்று எதிர்பார்க்க இயலாது.

அங்கத்தினர்களே! இன்று மாலை தறியை விட்டு எழுந்ததும், வயலிலிருந்து திரும்பியதும், உங்கள் மாட்டைத் தொடாமலும் அதட்டாமலும் ஐந்து நிமிடம் பாருங்கள். அது நலமாக இருக்கும் நாளிலேயே பாருங்கள். அதன் வழக்கத்தை இன்று அறிந்துகொண்டவருக்கே நாளை அதன் மாறுதல் புலப்படும். அன்றுமுதல் பால் பதிவேட்டில் கூட்டலைச் சரிபார்க்கும் முன்னர், நான் ஒவ்வொரு வரியிலும் முந்திய நாளின் எண்ணையும் பார்க்கிறேன். குறைந்த எண்ணைக் கண்டால் பேனாவை மூடிவைத்துவிட்டு, அந்த வீட்டுக்கு வழி கேட்கிறேன்.